பென்சில் கோடு போட்ட அறபுப் பொத்தகம்

கேட்டீங்களா ராத்தா, வெளிநாட்டுக்கு வீட்டு வேலைக்குப் போக நிக்கிற என்ட மகள், அறபு கதைக்கப் பழக எண்டு போன்ல ஓடர் போட்டு பழைய பொத்தகம் ஒண்டு எடுத்திரிக்கா. அங்க வேல செஞ்சிட்டு வந்த ஆரோ வித்ததாம். எனக்குத் தமிழ் வாசிக்கத் தெரியா, குர்ஆன் ஓதிப் பழகினதால கருத்துத் தெரியாட்டியும் அறபெழுத்தெண்டா ஓதுவனே! சந்தோசத்துல பொத்தகத்தக் கொஞ்சிப்போட்டு, பென்சில் கோடு போட்ட மூணு வரியையும் ராகமா ஓதினன்.

பக்கத்துல கெடந்த தமிழ்க் கருத்தப் பாத்த மகள்ர முகம் வெளுத்திட்டு.

"என்ன புள்ள, பிழையா ஓதினனா?"

"இல்ல உம்மா. 'பசிக்குது.' 'கதவத் தொறங்க.' 'என்னய ஊருக்கு அனுப்புங்க.' இதுக்கு மட்டுந்தான் கோடு போட்டிரிக்கி."

வெள்ளிக்கிழமை அவக்கு பிளேன் ராத்தா. இப்ப அந்த மூணு வரியையுந்தான் என்னட்டக் கேட்டுக் கேட்டுப் பாடமாக்கிறா. பொறுங்க, உல பொங்குது, பாத்திட்டு வாறன்.