குனியாத சிராயிட்டும் பத்தாம் நம்பர் ஸ்பேனரும்

மங்காசி சிராயிட் தம் முப்பது வருட வண்டி ஓட்டத்தில் ஒரு தடவைகூடக் குனிந்து ஒரு நட்டை இறுக்கியதில்லை. சியாந்தர் சந்தைக்கு முன்னால் சைட்கார் கட்டிய மோட்டார் சைக்கிள்களோடு சவாரிக்குக் காத்திருக்கும் எங்களில், சட்டையில் கிரீஸ் கறை இல்லாத ஒரே ஆள் அவர்தான். அவருடைய வண்டியோ எல்லா வண்டிகளுக்கும் மூப்பு. சண்டைக் காலத்தில் வெள்ளைக்காரன் போட்டுவிட்டு ஓடியது என்பார். பழைய மேக்னெட் செத்துப்போனதால் பேட்டரியில் ஓடும்படி யாரோ மாற்றிக் கொடுத்திருந்தார்கள். அந்தப் பேட்டரியின் மைனஸ் வயர் எப்போதும் லொடலொட. பெரிய குழியில் இறங்கினால் வண்டி அங்கேயே உயிரை விட்டுவிடும்.

வண்டி நின்றால் சிராயிட் இறங்கமாட்டார். சீட்டில் உட்கார்ந்தபடியே முதலில் கண்ணில் படுகிறவனைக் கூப்பிடுவார்.

"தம்பி, நீ எந்தக் குலம்?"

இது படாக் இனத்தாரின் ஊர். குலம் சொல்லாமல் இங்கே குடிக்கத் தண்ணீர்கூடக் கேட்க முடியாது. குலத்தைச் சொன்னால் முறை தெரிந்துவிடும், முறை தெரிந்தால் யார் யாருக்குக் குனிய வேண்டும் என்பதும் தெரிந்துவிடும். பெண் கொடுத்தவன் பெரியவன். பெண் எடுத்தவன் ஆயுசுக்கும் அவனுக்கு ஏவல் செய்ய வேண்டும். சிராயிட் ஐந்தே நிமிடத்தில் அந்த ஆளின் பாட்டியையோ கொள்ளுப்பாட்டியையோ தன் சிராயிட் குலத்துப் பெண் ஆக்கிவிடுவார்.

"அப்ப நாங்க பொண்ணு குடுத்தவங்க. நீ எடுத்தவன். சீட்டுக்கு அடியில ஸ்பேனர் இருக்கு பாரு, எடு."

சவாரி ஏறியவர்களே இறங்கி வயரை இறுக்கிவிட்டு, கூலியும் கொடுத்துவிட்டு, நன்றியும் சொல்லிவிட்டுப் போனதை நானே பார்த்திருக்கிறேன்.

அவருடைய ஜம்பம் பலிக்காத குலம் ஒன்றுதான். அது சியஹான், அவர் மனைவியின் குலம். அங்கே இவர்தான் பெண் எடுத்தவர். தெருமுனையில் ஒரு சியஹான் தலை தெரிந்தால் வண்டியைத் திருப்பிக்கொண்டு போய்விடுவார். இதில் ஒரு கூத்து உண்டு. நான் தமிழன், எனக்கு ஏது படாக் குலம்? இருபது வருடம் முன்பு கள்ளுக்கடையில் மூன்றாவது குவளை முடிந்ததும் என்னைக் கட்டிப் பிடித்து, "குலம் இல்லாதவன் மனுசனே இல்ல. இன்னியிலேருந்து நீ சியஹான்டா!" என்று அவரே எனக்குப் பெயர் வைத்தார். தன் தலைக்கு மேல் இன்னொரு மச்சானைத் தானே ஏற்றி வைத்துக்கொண்டது, மறுநாள் போதை தெளிந்த பிறகுதான் அவருக்கு உறைத்தது.

அப்படிப்பட்டவரின் ஒரே மகள் ரோசிந்தாவுக்குக் கல்யாணம். மாப்பிள்ளை பார்லின், திகாடோலோக்கில் பள்ளிக்கூட வாத்தியார். மாப்பிள்ளை வீட்டார் பூ வைத்த கார் அனுப்பியிருந்தார்கள். சிராயிட் அதை வாசலிலேயே மறித்தார்.

"சர்ச் வாசல் வரைக்கும் அவ எம் மக. எம் வண்டியிலதான் வருவா."

எவ்வளவோ சொல்லிப் பார்த்தார்கள். கடைசியில் அந்தக் காரில் அவர் மனைவியும் மற்றவர்களும் ஏறிப் போனார்கள். சைட்காரில் கல்யாணப் பெண்ணும், பெண்ணின் தாய்மாமன் ஜொங்கி சியஹானும். சிராயிட்டின் முதுகுக்குப் பின்னால் நான். பத்து மணிக்குக் கல்யாணம், பதினொன்றுக்கு அதே சர்ச்சில் வேறொரு கல்யாணம். கால் மணி பிந்தினால் அடுத்த ஜோடியை முதலில் முடித்துவிட்டுத்தான் உங்களுக்கு என்று பாஸ்டர் முன்பே சொல்லியிருந்தார். அதற்குள் விருந்துக் கறி ஆறிவிடும். கறி ஆறினால் சம்பந்திகள் சூடாகிவிடுவார்கள்.

ரப்பர் தோட்டத்துச் சாலையில், ஒன்பதரைக்கு, ஒரு குழி. வண்டி செத்தது.

சிராயிட் உதைத்தார். கோட்டுப் பட்டன் தெறிக்க உதைத்தார்.

"பேட்டரி வயருப்பா," என்றாள் ரோசிந்தா.

"தெரியும்."

தெரியும் என்றாரே தவிர இறங்கவில்லை. பழக்க தோஷத்தில் அக்கம்பக்கம் பார்த்தார். பக்கத்தில் ஜொங்கி சியஹான், பின்னால் அவரே சியஹான் ஆக்கிவைத்த நான். அந்நேரம் வாழைத்தார் கட்டிய மோட்டார் சைக்கிளில் ஒருவன் வந்தான். சிராயிட்டின் முகம் மலர்ந்தது.

"தம்பி, நீ எந்தக் குலம்?"

"சியஹான்."

ஜொங்கி சிரித்த சிரிப்பில் சைட்கார் ஆடியது. வந்தவன் நல்லவன். ஸ்பேனர் எங்கே என்று இறங்கியும் விட்டான். ஜொங்கி அவன் கையைப் பிடித்துக்கொண்டார்.

"தொடாத தம்பி. எடுத்தவன் இருக்கும்போது குடுத்தவன் குனியறதா? மாப்ளே, முப்பது வருசமா ஊருக்கெல்லாம் முறை சொன்னியே, இப்ப உன் முறை. இறங்கு."

"மச்சான், நேரமாவுது. வெளையாடாதீங்க."

"அதான் சொல்றேன், இறங்கு."

வசமாக மாட்டிக்கொண்டார். இறங்கி, வண்டியை ஒரு சுற்றுச் சுற்றி, வலது பக்கம் உட்கார்ந்து கையைவிட்டுத் துழாவினார்.

"அப்பா, பேட்டரி இடது பக்கம் இருக்கு."

யாரும் சிரிக்கவில்லை. இவ்வளவு நாளும் இவர் சோம்பேறி என்றுதான் நினைத்திருந்தோம். மனிதருக்கு ஒன்றுமே தெரியாது என்பது அப்போதுதான் தெரிந்தது. எனக்கே சங்கடமாகிவிட்டது.

"நான் இறங்கி வரட்டா?" ரோசிந்தா சரிகைச் சேலையைத் தூக்கிப் பிடித்தாள்.

"இறங்காத! சேறு."

"பதினாலு வயசிலேருந்து தெனமும் காலையில நான்தான்பா இறுக்கி வைப்பேன். இன்னிக்கு நாலு மணிக்கே கொண்டை போட உக்கார வெச்சிட்டாங்க, மறந்துட்டேன்." சேலையைக் கீழே விட்டு, "அந்தச் சத்தம் கேட்டு நீங்க முழிச்சிக்கிட்டேதான் படுத்திருப்பீங்கன்னு எனக்குத் தெரியும்," என்றாள்.

சிராயிட் எழுந்து இடது பக்கம் போய், கல்யாணக் கோட்டோடு மண்டி போட்டார்.

"நாளைக்கு நான் இருக்கமாட்டேன். பாத்துக்குங்க. அந்த வெள்ளையாப் பூத்திருக்கிறத சுரண்டுங்க. மாமா, உங்க சிகரெட் பாக்கெட்டு ஜிகினாத் தாளக் குடுங்க. அதை மடிச்சு இடுக்குல வைங்கப்பா. இப்ப திருகுங்க. அந்தப் பக்கம் இல்ல!"

நட்டு கழன்று சேற்றில் விழுந்தது. சிராயிட் இரண்டு கையாலும் சேற்றைத் தடவினார். அவர் கண் கலங்கியிருந்ததால் எதிரில் கிடந்தது தெரியவில்லை. ஜொங்கி சைட்காரிலிருந்து இறங்கினார், பளபளக்கும் செருப்போடு சேற்றில் கால் வைத்தார், குனிந்து நட்டை எடுத்து வேட்டியில் துடைத்து சிராயிட் கையில் கொடுத்தார்.

"குனிஞ்சேன்னு வெளிய சொல்லிராத, மாப்ளே."

சிராயிட் ஸ்பேனரைப் பிடித்து இறுக்கினார். பல்லைக் கடித்து இறுக்கினார். போதும் போதும் என்று நாங்கள் கத்திய பிறகும் இறுக்கினார். ஒரே உதையில் வண்டி உறுமியது.

பத்து அடித்து ஏழு நிமிடத்தில் சர்ச் வாசலில் நின்றோம். மகளின் கையைப் பிடித்து அவரே உள்ளே அழைத்துப்போனார். கல்யாண போட்டோ எல்லாவற்றிலும் ரோசிந்தாவின் வெள்ளை ரவிக்கைக் கையில் நாலு கறுப்பு விரல் தடம் தெரியும். போட்டோக்காரன் அதை அழித்துத் தருகிறேன் என்றானாம். அவள்தான் வேண்டாம் என்றுவிட்டாளாம்.

அதற்குப் பிறகு ஞாயிற்றுக்கிழமைகளில் சிராயிட்டைச் சந்தையில் பார்க்க முடிவதில்லை. ஒரு வாரம் என்னையும் கூட்டிக்கொண்டு போனார். திகாடோலோக்குக்கு இருபது கிலோமீட்டர். வழியில் எத்தனையோ குழி, வண்டி இருமக்கூட இல்லை. மருமகன் வீட்டு வாசலில் நிறுத்திவிட்டு, சீட்டில் உட்கார்ந்தபடியே குரல் கொடுத்தார்.

"மாப்ளே! வயரு லூசு. வந்து இறுக்கு."

பார்லின் ஓடிவந்து குனிந்தான், பெண் எடுத்தவன் அல்லவா. ஸ்பேனரைப் போட்டுத் திருகினான், நட்டு இம்மிகூட அசையவில்லை. என்னைப் பார்த்தான். நான் தென்னை மரத்தைப் பார்த்தேன்.

"மாமா, இது இறுக்கமாத்தானே..."

அதற்குள் ரோசிந்தா ஈரக் கையோடு வந்தாள். புருஷனை நகர்த்திவிட்டு நட்டை ஒரு தடவை விரலால் தொட்டுப் பார்த்தாள். அப்புறம் அப்பா முகத்தைப் பார்த்தாள்.

"ஆமா, ரொம்ப லூசாத்தான் இருக்கு. சரிபண்ண சாயங்காலம் ஆயிடும். உள்ள வாங்கப்பா, சாப்பிடலாம்."