நகர்த்தி வைத்த சட்டம்

ஆய்வகத்தில் அவளை யாரும் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை; புள்ளியக்காதான். பவளப்பாறைப் படங்களின் மேல் ஐம்பது புள்ளி வைத்து, ஒவ்வொரு புள்ளிக்கடியிலும் இருப்பது உயிருள்ளதா, வெளுத்ததா, செத்ததா என்று எண்ணிச் சராசரி எடுப்பது அவள் வேலை. கடலில் முக்குளித்துப் படம் எடுத்தவர் அவள் கணவர். குலுக்கிப் போட்ட எண் காட்டும் இடத்தில்தான் பாறைமேல் சதுரச் சட்டத்தை வைத்து, அதற்குள் இருப்பதைப் படம் எடுக்க வேண்டும். பக்கத்தில் ரம்பையே நின்றாலும் நகர்த்தக் கூடாது.

பவளம் பிராணி. அதற்குள் குடியிருக்கும் நுண்பாசிதான் அதற்குச் சோறு போடுகிறது. தண்ணீர் சூடானால் பாசி வெளியேறிவிடும். பவளம் வெளுத்துப் பட்டினி கிடக்கும். முதன்முதலாக வெளுத்த படங்கள் வந்தபோது புள்ளியக்கா இரண்டு நாள் சாப்பிடவில்லை.

"உனக்கென்ன, பெத்த பிள்ளையா அது?" என்று கேலி செய்தார் கணவர். அடுத்த முறை படங்கள் நன்றாக இருந்தன. எட்டு வருடம் உயிருள்ள பவளத்தின் சராசரி நூற்றுக்கு அறுபதை விட்டு இறங்கவேயில்லை.

அவர் மாரடைப்பில் போனபின், புதிதாக முக்குளிக்க வந்த பெண் எடுத்த படங்களில் சராசரி பதினேழு.

"ஒரே வருஷத்துல இவ்வளவு சாகுமா?" என்றார் தலைமை ஆய்வாளர். "புதுப் பொண்ணு சொதப்பிட்டா. இதத் தள்ளிட்டு அவள அனுப்பிடலாம்."

புள்ளியக்காவுக்கு மனம் கேட்கவில்லை. பழைய படங்களை எடுத்துப் பரப்பினாள். ஓரம் உடைந்த ஒரு மூளைப்பவளம், ஒரே வருடத்தில் மூன்று வெவ்வேறு எண்களின் படத்திலும் இருந்தது. மறு வருடமும் அதுவே. குலுக்கிப் போட்ட எண்ணில் அப்படி வரவே வராது.

உயிருள்ள இடமாகப் பார்த்துச் சட்டத்தை நகர்த்தி, முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்திருக்கிறார் மனுஷர். அவளும் எட்டு வருடம் அந்தச் சோற்றை ருசித்துச் சாப்பிட்டிருக்கிறாள். அழுகையும் ஆத்திரமும் சேர்ந்து வந்தன. பாறை சாகிறது என்று முன்பே தெரிந்திருந்தால் அந்தப் பக்கம் படகுகளையாவது நிறுத்தியிருப்பார்கள். சண்டை போடலாமென்றால் ஆள் இல்லை.

"சார், அந்தப் பொண்ணு எடுத்தது சரி. தள்ள வேண்டியது எங்க வீட்டுக்காரர் எடுத்தத."

"யோசிச்சுச் சொல்லுங்கம்மா. அவர் பேரு கெட்டுடும்."

"யோசிச்சாச்சு சார்."

தள்ளும் படம் ஒவ்வொன்றுக்கும் ஒரு தாள்; அதில் காரணம் எழுத ஒரு கட்டம் உண்டு. 'படம் எடுத்தவர் இடத்தை மாற்றினார்' என்று எழுதப் பார்த்தாள், கை ஓடவில்லை. 'எண்ணுகிறவள் வருத்தப்படுவாள் என்று இடம் மாற்றப்பட்டது' என்று எழுதினாள். முந்நூற்றிருபது தாளிலும் அதையே எழுதினாள்.