சூரியனுக்கு மச்சம் வந்த பொங்கல்

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், பேய் பிசாசு ஆவி என்று யாராவது ஆரம்பித்தால் கொட்டாவி விடுகிற ஆள் நான். தேயிலைத் தோட்டத்திலேயே பிறந்து, இருட்டிலும் பனியிலும் நடந்து பழகியவள், ஒரு தடவைகூட எதையும் கண்டதில்லை. அதனால் இதை நீங்கள் நம்பாவிட்டால் எனக்குக் கோபம் வராது, வேறு யாராவது சொல்லியிருந்தால் நானே நம்பியிருக்க மாட்டேன். ஆனால் நடந்தது நடந்ததுதான், அதுவும் பட்டப்பகலில், வெயில் பளிச்சென்று அடித்துக்கொண்டிருந்தபோது.

எழுபத்தொன்பதோ எண்பதோ, பொங்கல் முடிந்த ஞாயிற்றுக்கிழமை. எங்கள் தோட்டம் மலேசியாவின் கேமரன் மலையில், கோலா தெர்லா போகிற சாலையை விட்டு உள்ளே தள்ளி இருந்தது. என் வீட்டுக்காரர் முனியாண்டிக்குத் தேயிலை பேக்டரியில் இஞ்சின் பார்க்கிற வேலை, மீதி நேரத்தில் ரேடியோ ரிப்பேர். மற்ற வீட்டு ஆம்பிளைகளுக்குச் சீட்டாட்டப் பைத்தியம், சினிமாப் பைத்தியம் என்றால் இவருக்குச் சூரியப் பைத்தியம். பழைய துரை ஒருவர் விட்டுப்போன பைனாகுலர், ஒரு பக்கம் கண்ணாடி உடைந்தது, அதை மரக்கட்டையில் கட்டிச் சூரியனுக்கு நேராக நிறுத்துவார். அதற்குப் பின்னால் காலண்டர் தாளின் வெள்ளைப் பக்கத்தை ஒரு பலகையில் ஒட்டிப் பிடித்தால், அதில் சூரியன் அப்பளம் மாதிரி வட்டமாக வந்து விழும். நேராக யாரும் பார்த்துவிடக் கூடாது, கண் போய்விடும் என்று ஊரையே மிரட்டி வைத்திருந்தார்.

அந்த வாரம் அப்பளத்தில் சீரகம் ஒட்டியது போல ஒரு ஓரத்தில் கருப்புப் புள்ளிகள் கூட்டமாக வந்தன. நாளுக்கு நாள் நடுவே நகர்ந்தன, பெரிதாகவும் ஆயின. பக்கத்து வீட்டுப் பாக்கியம் அக்கா எட்டிப் பார்த்துவிட்டு, "ஐயோ, சூரியனுக்கு மச்சம் லா! மொகத்துல மச்சம் இருந்தா அதிர்ஷ்டம்தானே?" என்றாள்.

"அது மச்சம் இல்லக்கா. அந்த எடத்துலதான் வெடிக்கும்" என்றார் இவர். "வெடிச்ச வெளிச்சம் இங்க வந்து சேந்த ஒடனே தூரத்து ரேடியோ ஸ்டேசன் எல்லாம் செத்துரும். அப்புறம் சூடா ஒரு காத்த கக்கும், அது வந்து சேர ரெண்டு மூணு நாளாவும்."

அந்தக் காற்று வந்தால் திரும்பிக் காட்டும் என்று ஒரு ஜாம் பாட்டிலுக்குள் காந்த ஊசியை நூலில் தொங்கவிட்டிருந்தார். ஊறுகாய் போட வைத்திருந்த பாட்டில் அது. இருந்த வயிற்றெரிச்சலில், "மச்சம் ஞாயித்துக்கெழம மட்டும் வாயத் தொறக்கக் கூடாது, சொல்லி வைங்க" என்றேன்.

காரணம் இருந்தது. என் ஒரே அண்ணன் கோவிந்தன், குடியுரிமை இல்லாதவர்களுக்குத் தருகிற சிவப்பு அடையாளக் கார்டு வைத்திருந்ததால் வேலை பெர்மிட் கிடைக்காமல், எழுபதில் குடும்பத்தோடு கப்பல் ஏறி இந்தியாவுக்குப் போனவர். அதன் பிறகு ஒரு தகவலும் இல்லை. உயிரோடு இருக்கிறாரா என்றுகூடத் தெரியாமல் ஒவ்வொரு பொங்கலையும் அழுதுகொண்டே சாப்பிட்டிருக்கிறேன். அந்த வருசம்தான் மளிகைக்கடை சொக்கலிங்கம் இந்தியா போய்விட்டு வந்து, "ஒங்கண்ணன் நல்லா இருக்காரும்மா. பொங்கல் முடிஞ்ச ஞாயிறு ரேடியோவுல ஒனக்கு வாழ்த்து சொல்லச் சொல்லியிருக்காரு" என்றார். நான் சும்மா இருப்பேனா? லயத்து வீடுகள் முழுக்கத் தமுக்கடித்துவிட்டேன்.

நான் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளும் ஆயாக் கொட்டகை ஞாயிறுகளில் காலியாகக் கிடக்கும். அங்கே ரேடியோவை வைத்தோம். வடை, கேசரி, ஒரு அண்டா காப்பி. வாழ்நாளில் சிரித்தே பார்த்திராத பெரியசாமிக் கங்காணிகூட வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு வந்து முன்னால் உட்கார்ந்தார். காலைத் தூறல் விட்டு, வானம் துடைத்து வைத்தது போல இருந்தது. இவர் மட்டும் உள்ளே வராமல் வாசலில் பலகையும் பைனாகுலருமாக நின்றார்.

மத்தியானச் சாப்பாடு முடிந்த நேரம், சிற்றலையில் இந்திய நிலையம் கரகரவென்று பாட்டுப் போட்டுக்கொண்டிருந்தது. திடீரென்று வெளியே இவர் கத்தினார்: "வந்துருச்சி! மச்சத்துப் பக்கத்துல வெள்ளையா ஒரு பொட்டு! வெடிச்சிருச்சி!"

அதே நொடியில் பாட்டு நின்றது. கரகரப்பும் போய்விட்டது. எனக்கு உயிரே போய்விட்டது.

அப்புறம்தான் அது. நம்புங்கள், நம்பாமல் போங்கள், அந்த ரேடியோவிலிருந்து ஒரு பெண் குரல் பேசியது. சிற்றலையில் அவ்வளவு தெளிவாக எதையும் நான் கேட்டதில்லை, பக்கத்தில் உட்கார்ந்து பேசுவது போல இருந்தது. "கேமரன் மலையில் இருக்கும் லெட்சுமிக்கு அண்ணன் கோவிந்தன் சொல்வது. நலமாக இருக்கிறேன். வீடு கட்டுகிறேன், கூரை மட்டும் பாக்கி. சளிமூக்கி, அழாமல் சாப்பிடு."

சளிமூக்கி! சின்ன வயதில் அண்ணன் மட்டும் என்னைக் கூப்பிடுகிற பெயர், என் புருசனுக்கே தெரியாது. அதை அந்த அம்மாள் செய்தி வாசிப்பது போல அழுத்தம் திருத்தமாகச் சொன்னதும் எனக்குச் சிரிப்பு பீறிட்டது. அழுகையும் வந்தது, சிரிப்பும் வந்தது, வயிற்றைப் பிடித்துக்கொண்டு தரையிலேயே உட்கார்ந்துவிட்டேன். கொட்டகையே சிரித்தது. பெரியசாமிக் கங்காணி எழுந்து ஆடினார், சத்தியமாக ஆடினார். அப்படி ஒரு சந்தோசத்தை என் கல்யாணத்தில்கூட நான் பார்க்கவில்லை.

இவர் உள்ளே வந்து பேந்தப் பேந்த விழித்தார். "என்னா லா ஆச்சி ஒங்களுக்கு? ரேடியோதான் செத்துப் போச்சே. ஒரு சத்தமும் இல்லாத பொட்டியப் பாத்தா எல்லாரும் சிரிக்கிறீங்க?"

"காது அவிஞ்சா போச்சி? எங்கண்ணன் பேரு வாசிச்சாங்கல்ல!" என்றேன்.

"ஒங்கண்ணன் பேரா?" பாக்கியம் அக்கா குறுக்கே வந்தாள். "எங்கம்மால்ல பேசுனிச்சி! சாப்பிட வாடின்னு கூப்புட்டிச்சே!"

"ரெண்டு பேருக்கும் கிறுக்கா? சிங்கப்பூர்ல இருக்கிற எம்மவன் பேசுனான்" என்றார் கங்காணி, மூச்சு வாங்கிக்கொண்டே.

பிறகு நடந்த சண்டையை எழுதினால் ஒரு புத்தகம் போடலாம். ஆளாளுக்கு ஒன்று கேட்டிருந்தார்கள், எல்லாமே நல்ல சேதி. சண்டை போட்டுக்கொண்டே வடையைத் தின்று தீர்த்தோம். கொஞ்ச நேரத்தில் ரேடியோ பழையபடி கரகரத்தது, வேறு ஏதோ பாட்டு. வாழ்த்து என்று எதுவும் அதற்குப் பிறகு வரவில்லை.

செவ்வாய்க்கிழமை ஜாம் பாட்டில் ஊசி திரும்பியது என்று இவர் குதித்தார். எனக்கு ஒன்றும் திரும்பியதாகத் தெரியவில்லை. நான் மகிழ்ச்சியில் இருந்ததால், திரும்பியதைப் பார்த்தேன் என்று சொல்லிவைத்தேன்.

பல வருசம் கழித்து நாங்கள் இந்தியா போய், விசாரித்து விசாரித்து, நாமக்கல் பக்கம் ஒரு கிராமத்தில் அண்ணனைக் கண்டுபிடித்தோம். தலை நரைத்திருந்தது, மற்றபடி அதே ஆள். கட்டிப்பிடித்து அழுது ஓய்ந்த பிறகு வீடு கட்டுவதாக அந்தப் பொங்கல் ஞாயிற்றுக்கிழமை ரேடியோவில் வந்த வாழ்த்துக்கு நன்றி சொன்னேன்.

"என்னா வாழ்த்து? நான் ஒண்ணும் சொல்லலையே. சொக்கலிங்கமா? அந்தாள நான் பாக்கவே இல்ல" என்றார். என் மனசு ஆறட்டும் என்று சொக்கலிங்கம் அளந்திருக்கிறார், அவ்வளவுதான்.

அண்ணனே தொடர்ந்தார். "ஆனா அந்தப் பொங்கலு நல்லா ஞாபகம் இருக்கு பாப்பா. கூர போட ஆளு வரல. மொட்டச் செவுத்து மேல தனியா ஒக்காந்திருந்தேன், நல்ல வெயிலு. திடீர்னு நீ சிரிக்கிற சத்தம் கேட்டுச்சி. பக்கத்துல ரேடியோகூட கெடையாது. அப்புடி எதுக்குப் புள்ள சிரிச்சே?"

"நீங்க என்னைய சளிமூக்கின்னு சொன்னதுக்குத்தாண்ணே" என்றேன்.

அண்ணன் என்னையே பார்த்தார். "நான் எங்க சொன்னேன்? மனசுக்குள்ள நெனச்சேன், அவ்வளவுதான்."

இன்றைக்கும் அண்ணன் மேல் கோபம் வந்தால் இராத்திரியில்தான் மனசுக்குள் திட்டுகிறேன். வெயில் நேரத்தில் திட்டப் பயமாக இருக்கிறது.