நடுவில் கோடில்லாத கட்டில்

பெக் லான் முப்பத்தொரு வருஷம் ஆஸ்பத்திரியில் ஊராருக்குப் படுக்கை விரித்தவள். ஆண்கள் வார்டில் உதவியாள் வேலை. நோயாளியைப் படுக்கையில் வைத்துக்கொண்டே, அவருக்கு நோகாமல், நாலே நிமிஷத்தில் விரிப்பை மாற்றிவிடுவாள். அப்படிப்பட்டவள் அறுபத்தேழு வயதில் ஒரு கட்டில் வாங்கத் தெரியாமல் ஒரு மாதம் திண்டாடினாள் என்றால் சிரிக்கத்தான் தோன்றும். எதிர்வீட்டு ரோஹாயா முதலில் சிரிக்கவும் செய்தாள்.

கட்டில் பெக் லானுக்கு இல்லை. அவளுக்கு உள்ளறையில் ஒற்றைக் கட்டில் இருக்கிறது. அந்த அறையில் அதையும் அலமாரியையும் போட்டபின் கதவு திறப்பதே பெரிய காரியம். இது பெர்த்தில் இருக்கும் மகள் லி வென்னுக்கும் அவள் புருஷன் க்ரெக்குக்கும். சீனப் புத்தாண்டின் இரண்டாம் நாள் கட்டிக்கொடுத்த பெண்கள் தாய்வீட்டுக்கு வரும் நாள். அன்று வந்து இரண்டு ராத்திரி தங்குவார்கள். அப்படித்தான் பெக் லான் ஆசைப்பட்டாள். வருஷத்துக்கு இரண்டே ராத்திரி விரிக்கிற கட்டில், மற்ற நாளெல்லாம் இடத்தை அடைக்காமல் மடங்கிக்கிடக்க வேண்டும்.

புருஷன் கியம் ஹுவாட் போனபிறகு நாலறை வீட்டை விற்றுவிட்டு அதே தோ பாயோ வட்டாரத்தில் ஈரறை வீட்டுக்கு வந்துவிட்டாள். கூடம் என்று பேர். சாப்பாட்டு மேசை, தொலைக்காட்சி, கியம் ஹுவாட்டின் படமும் ஊதுபத்திக் கிண்ணமும் வைத்த சின்ன மர மாடம், அவ்வளவுதான் கொள்ளும்.

ஆனால் சின்ன வீடு அல்ல அவளுடைய கஷ்டம். கஷ்டம் அவள் வாயிலிருந்து வந்த ஒரு பேச்சு.

கல்யாணமான பெண் தாய்வீட்டில் புருஷனோடு ஒரே கட்டிலில் படுக்கக் கூடாது, படுத்தால் பிறந்த வீடு நாசமாகும் என்பது அவர்கள் வழக்கம். மூன்று வருஷத்துக்கு முன்னால் கியம் ஹுவாட்டை ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்குக் கொண்டுவந்தார்கள். மகளும் மருமகனும் ஓடிவந்தார்கள். "பழைய ரூம்லயே ரெண்டு பேரும் படுக்கட்டும், இந்தக் காலத்துல யார் இதெல்லாம் பார்க்கறா?" என்று சொன்னது கியம் ஹுவாட்தான். பெக் லானே விரிப்பு போட்டுக்கொடுத்தாள். ஒன்பது ராத்திரி படுத்தார்கள். பத்தாம் நாள் கியம் ஹுவாட் போய்விட்டார்.

அடுக்குமாடி புளோக்கின் கீழ்த்தளத்தில் அவரைக் கிடத்தியிருந்தபோது, நாத்தனார் ஒருத்தி, பொண்ணு எங்கே தங்கியிருக்கிறாள் என்று கேட்டாள். "ஒம்பது ராத்திரி ஒரே கட்டில்ல படுத்தாங்க. பத்தாம் நாள் அவர் போயிட்டார். நான் வேற என்னத்தச் சொல்ல?" என்றாள் பெக் லான். நாலு அடி தள்ளி உட்கார்ந்து, இறந்தவருக்காக எரிக்கிற காகிதப் பணத்தை மடித்துக்கொண்டிருந்த லி வென் அதைக் கேட்டாள். மடிப்பதை நிறுத்தவில்லை. காரியம் முடிந்ததும் ஹோட்டலுக்குப் போனாள். அதன்பின் இரண்டு தடவை வந்தாள், இரண்டு தடவையும் ஹோட்டல்தான்.

கொடுமை என்னவென்றால், பெக் லானுக்கு உண்மை தெரியும். மாதக் கடைசியைத் தாண்டமாட்டார், வீட்டுக்குக் கொண்டுபோங்கள் என்று டாக்டர் சொல்லித்தான் அனுப்பியிருந்தார். சொல்லாவிட்டாலும் அவளுக்குத் தெரிந்திருக்கும், எத்தனை பேரைப் பார்த்தவள். ஆனாலும் அன்றைக்கு யார் தலையிலாவது பழியைப் போட்டால்தான் மூச்சு விட முடியும் போலிருந்தது. பெற்ற மகள் தலைதான் கிட்டத்தில் இருந்தது.

அந்த வீட்டில் மன்னிப்புக் கேட்கும் பழக்கம் யாருக்கும் இல்லை. சண்டை போட்டால் மறுநாள் பழம் நறுக்கித் தட்டில் வைப்பார்கள், எடுத்துத் தின்றால் சமாதானம். இது பழத்தில் தீருகிற விவகாரமா? அதனால்தான் கட்டில்.

கடைக்காரப் பையனுக்கு இதெல்லாம் எப்படித் தெரியும்? பொண்ணும் மருமகனும் என்றதும் நேராக ஒரு கட்டிலிடம் கூட்டிப்போனான். அடியிலிருந்து இன்னொன்று உருவுகிற மாதிரி.

"ஆன்ட்டி, புத்தாண்டுக்கு எல்லாரும் இதத்தான் எடுக்கறாங்க. மேல பொண்ணு, கீழ மாப்பிள்ளை. இடமும் மிச்சம், பெரியவங்க வாயையும் அடைச்சிடலாம்."

"உங்க வீட்டுலயும் இதுதானா?"

"எங்க மாமியார் அதுக்கும் மேல. சாப்பிட வா, தூங்க உன் வீட்டுக்குப் போங்கறாங்க."

"எனக்கு ரெண்டு வேணாம். ஒண்ணு, அகலமா."

சுவரோடு மடிகிற கட்டிலைக் காட்டினான். எந்தச் சுவர் என்று கேட்டான். அவள் வீட்டில் நீளமான சுவர் ஒன்றே ஒன்றுதான், பதுங்கறையின் சுவர். பையன் கையை விரித்தான். "அதுல துளை போட விடமாட்டாங்க ஆன்ட்டி. குண்டு விழுந்தா ஒளியறதுக்குக் கட்டினது."

"குண்டு விழுந்தா நான் எங்க ஒளியறது? உள்ள முழுக்க வாளியும் பழைய விசிறியும்தான் இருக்கு."

மிச்சம் சோஃபா கட்டில்தான். ஐந்தாறு வகையை விரிக்கச் சொல்லி, ஒவ்வொன்றையும் முஷ்டியால் அழுத்திப் பார்த்தாள். சிலதில் முதுகுக்குக் கீழே கம்பி இடித்தது. சிலதில் இரண்டு மெத்தை சேருமிடத்தில் ஒரு பள்ளம்.

"இதுல நடுவுல கோடு இருக்கே."

"விரிப்பு போட்டா தெரியாது ஆன்ட்டி."

"படுக்கறவங்களுக்குத் தெரியும்," என்று சொல்லிவிட்டு, அளவை மட்டும் எழுதி வாங்கிக்கொண்டு வந்துவிட்டாள்.

வீட்டுக்கு வந்து செய்தித்தாளைக் கட்டில் அளவுக்கு ஒட்டித் தரையில் விரித்து, ஒரு வாரம் அதைச் சுற்றியே நடந்தாள்.

"என்னக்கா தரையெல்லாம் பேப்பர்? பூனை வளர்க்கப் போறியா?" என்று வாசலில் நின்று கேட்டாள் ரோஹாயா.

"மிதிக்காதே, கட்டில். லி வென் வர்றா."

"புருஷனோடயா?" ரோஹாயா சிரிப்பை நிறுத்தினாள். அவளுக்கு எல்லாக் கதையும் தெரியும். "ஒரே கட்டிலாக்கா? உங்க ஆளுங்க வழக்கம்..."

"நாசமாக இனிமே இங்க என்ன இருக்கு சொல்லு. அவர் போயாச்சு. ஆம்பளைப் பிள்ளை கிடையாது. இருக்கறது ரைஸ் குக்கரும் நானும்."

காகிதம் விரித்தபின்தான் தெரிந்தது, படுப்பவர்கள் கால் மாடத்தை நோக்கி நீளும். கியம் ஹுவாட்டைக் கேட்காமல் அவரை நகர்த்தக் கூடாது. ஊதுபத்தி ஏற்றி, இரண்டு காசைத் தரையில் போட்டுக் கேட்டாள். ஒன்று பூவும் ஒன்று தலையுமாக விழுந்தால் சம்மதம். முதல் தரம் இரண்டும் தலை. இரண்டாம் தரமும் அப்படியே. "உயிரோட இருந்தப்பவும் மூணாந்தரம் கேட்டாத்தான் சரின்னுவே," என்று முனகிக்கொண்டே போட்டாள். மூன்றாம் தரம் சரியாக விழுந்தது. கூடவே இன்னொன்றும் கேட்டாள், பிள்ளைகள் இங்கே ஒன்றாய்ப் படுக்கலாமா என்று. அதற்கு முதல் தரத்திலேயே சரி என்றார். பெக் லான் அங்கேயே உட்கார்ந்து அழுதாள்.

மாடம் உள்ளறை அலமாரிமேல் ஏறியது. சாப்பாட்டு மேசை ரோஹாயா வீட்டுக்குப் போனது. பள்ளம் இல்லாத, ஒரே மெத்தையாக விரிகிற சோஃபா கட்டில் வந்தது.

புத்தாண்டின் இரண்டாம் நாள் காலையிலேயே அதை விரித்து, ஒரு சுருக்கமில்லாமல் விரிப்பு போட்டு, இரண்டு தலையணையையும் ஒட்டி வைத்தாள். மடக்கி வைத்தால் வெறும் சோஃபா, மகளுக்கு என்ன புரியும்?

லி வென்னும் க்ரெக்கும் நண்பகலில் ஆரஞ்சுப் பழங்களோடு வந்தார்கள். கதவைத் திறந்ததும் கட்டில்தான் தெரிந்தது. க்ரெக் நல்ல மனுஷன், "மா, சூப்பரா இருக்கே!" என்று உட்கார்ந்துவிட்டான்.

"எந்திரி க்ரெக்," என்றாள் லி வென். அவன் எழுந்துவிட்டான்.

"யாருக்கும்மா இது?"

"உங்களுக்குத்தான். தடவிப் பாரு, நடுவுல கோடு கிடையாது."

லி வென் தடவிப் பார்த்தாள். கண் நிறைந்துவிட்டது. புரிந்துவிட்டது, தீர்ந்தது என்று நினைத்தாள் பெக் லான். மூன்று வருஷத்தில் அவள் மனம் லேசானது அந்த ஒரு நிமிஷம்தான்.

"ஹோட்டல் போட்டாச்சும்மா."

"வேணாம்னு போன் போடு."

"இல்லம்மா."

"இன்னும் என்மேல கோவமா?"

"கோவமெல்லாம் எப்பவோ போயிடுச்சும்மா."

"அப்புறம் என்னடி? அப்பாகிட்டக்கூடக் கேட்டேன், சரின்னுட்டார். நாசமாக இந்த வீட்ல என்ன இருக்கு?"

"நீ இருக்கியேம்மா."

பெக் லானுக்கு முதலில் விளங்கவில்லை. விளங்கியதும், வாழ்க்கையில் சொல்லியே பழக்கமில்லாததைச் சொன்னாள். "அன்னிக்கு நான் சொன்னது பொய்டி. மாசக் கடைசி தாண்டாதுன்னு டாக்டர் முன்னாடியே சொல்லிட்டார். தெரிஞ்சுகிட்டேதான் உன்னைச் சொன்னேன். தப்பு என்னோடது."

"தெரியும்மா. டாக்டர் எனக்கும் சொன்னார்."

"தெரியுமா? அப்புறம் ஏன்?"

"தெரிஞ்சும் முடியலம்மா. இதுல படுத்துட்டுப் போயி, நாளைக்கு உனக்கு ஒரு சளி பிடிச்சாக்கூட நான் இந்தக் கட்டிலைத்தான் நினைப்பேன். அப்பாவுக்கே இன்னும் அதத்தான் நினைச்சிக்கிட்டிருக்கேன்."

பெக் லான் தானே நம்பாமல் சொன்ன சொல். அதை மகள் மூன்று வருஷமாக நம்பிக்கொண்டிருக்கிறாள். மகளின் கையைப் பிடித்து அடுக்களைக்குக் கூட்டிப்போனாள்.

மூன்று பேரும் முக்காலிகளில் இடித்துக்கொண்டு உட்கார்ந்து சாப்பிட்டார்கள். மீன் சாறு கொதித்தது, க்ரெக் ஆசையாக வதக்கிய மிளகாய் நெடி அந்தச் சின்ன அடுக்களை முழுக்க ஏறியது. அவனும் லி வென்னும் மாறி மாறி இருமிச் சிரித்தார்கள். பெக் லான் மட்டும் ஒரு தடவைகூட இருமாமல் வெந்நீராகக் குடித்துக்கொண்டிருந்தாள்.

வெயில் தாழ்ந்ததும் கிளம்பினார்கள். "நாளைக்குக் காலைல வர்றோம்மா. உடம்பைப் பார்த்துக்கோ," என்றாள் லி வென். "எனக்கென்ன, கல்லு மாதிரி இருக்கேன்," என்றாள் பெக் லான். லிஃப்ட் வரை போய்க் கையசைத்தாள். கதவு மூடியது. லிஃப்ட் மூன்று மாடி இறங்கும் வரை எண்ணைப் பார்த்துக்கொண்டே நின்று, அதன் பிறகுதான் சுவரைப் பிடித்துக்கொண்டு, மத்தியானத்திலிருந்து அடக்கி வைத்திருந்ததையெல்லாம் சேர்த்து இருமினாள்.