கொலுவில் வைத்த அணு

மருமகள் சாம்பிராணி போடுகிறாள். அந்த வாசனை வந்தால் எனக்கு இருப்புக்கொள்ளாது.

அறுபதுகளில், நான் பள்ளியில் படித்தபோது, மாதுங்கா வீட்டுக் கொலுவில் நான் ஓர் அணு செய்து வைத்தேன். நடுவில் எலுமிச்சம்பழம், சுற்றிலும் கம்பி வளையங்களில் எலெக்ட்ரான்களாகப் பாசிமணிகள். காலேஜில் படித்த அக்கா சிரித்தாள்.

"இது பழைய கதைடி. எலெக்ட்ரான் இப்படி வட்டமாச் சுத்தாது. மேகம் மாதிரி பரவியிருக்கும்."

பிரிக்கப் போனேன். அம்மா கையைத் தட்டிவிட்டாள். "வெச்ச கொலுவைக் கலைக்கப்படாது. விஜயதசமி வரைக்கும் இருக்கட்டும்."

சுண்டலுக்கு வந்த மாமிகளெல்லாம் என் தப்பான அணுவைப் புகழப் புகழ, எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது. ஒரு சாயங்காலம் அம்மா காட்டிய சாம்பிராணிப் புகை அதைச் சூழ்ந்தது. வளையம் தெரியவில்லை, மணியும் தெரியவில்லை.

"இப்போதான்டி சரி!" என்று கத்தினாள் அக்கா.

புகை போய்விடுமே என்று ஓடிப்போய் ஜன்னலைச் சாத்தினேன்.

இப்போது மருமகள் இருமிக்கொண்டே ஜன்னல் பக்கம் போகிறாள்.

"திறக்காதேம்மா!" என்கிறேன்.