மாத்திரைக் கனவுகளுக்கு யார் அர்த்தம் சொல்வது?

கும்மிடிப்பூண்டியில் கார் உதிரிபாகங்கள் செய்யும் தொழிற்சாலையில் எனக்குத் தரம் பார்க்கும் வேலை. ஒரு காலை ஷிப்டில் இருமியபோது முகக்கவசத்தின் உட்புறம் சிவப்பாக ஒரு புள்ளி தெரிந்தது. அதைப் பையில் திணித்துவிட்டு வேறொன்றை மாட்டிக்கொண்டு வேலையைத் தொடர்ந்தேன். மருத்துவரிடம் போக மேலும் ஆறு வாரம் ஆனது. அந்த ஆறு வாரத்தை நீங்கள் வீணாக்காதீர்கள்.

திருவள்ளூர் அரசு மருத்துவமனையில் சளியைச் சோதித்தார்கள். எம்.டி.ஆர். காசநோய் (வழக்கமான மருந்துகளுக்குக் கட்டுப்படாத வகை). மருத்துவர் என் வயதுப் பெண்.

"பல மாசம் சாப்பிடணும், ஒருநாள்கூட விடக் கூடாது. இதுல ஒரு மாத்திரை மனசைக் கலக்கும், கெட்ட கனவு வரலாம். வந்தா மறைக்காம சொல்லுங்க" என்றார்.

தலையாட்டினேன். வீடு வருவதற்குள் மறந்துவிட்டேன்.

மூன்றாம் வாரம் அந்தக் கனவு வந்தது. தலையில் மூன்று மாத்திரைப் பெட்டிகளை அடுக்கிச் சுமந்து நடக்கிறேன். காக்கைகள் அவற்றைக் கொத்தித் தின்கின்றன. விரட்டக் கை எழவில்லை.

காலையில் எஸ்தர் அக்காவிடம் சொன்னேன். என் கணவரின் மூத்த சகோதரி, பக்கத்து வீடு, சபையில் ஜெபக் குழுவை நடத்துபவர். அவர் முகம் வெளுத்தது.

"இன்னா ஸ்டெல்லா, இது யோசேப்பு ஜெயில்ல கேட்ட கனவாச்சே!"

வேதாகமத்தில், அரண்மனையில் அப்பம் சுட்டவன் சிறையில் கண்டு, உடனிருந்த கைதி யோசேப்பிடம் அர்த்தம் கேட்ட கனவு அது. தலையில் மூன்று கூடைகள், பறவைகள் தின்றன. யோசேப்பு சொன்னபடியே மூன்றே நாளில் அவனைத் தூக்கிலிட்டார்கள்.

"வேதத்துல மூணு நாளுன்னு கீது. உனுக்கு மூணு மாசமோ இன்னாவோ. ஜெபம் பண்ணிக்கினே இரு" என்று அழுதார்.

சாகப்போகிறவளுக்கு வாந்தியும் தலைச்சுற்றலும் எதற்கு என்று மாத்திரையை நிறுத்தினேன். நான்காம் நாள் என் கணவர் கண்டுபிடித்தார்.

"இன்னாடி, அட்டை அப்படியே கீது?"

அட்டையை அவர் கையிலிருந்து வாங்கி வைத்தேன். அவர் வேலைக்குப் போனதும் வேதாகமத்தை எடுத்து நானே வாசித்தேன். சிறையில் இருந்தவர்களிடம் யோசேப்பு முதலில் கேட்டது கனவை அல்ல; உங்கள் முகம் ஏன் வாடியிருக்கிறது என்றுதான். அர்த்தம் சொல்வது தேவனுடையது என்றும் சொன்னான். தொடர்ந்து வாசித்தேன். ராஜாவின் கனவுக்குப் பஞ்சம் என்று அர்த்தம் சொன்னவன் அதோடு நிற்கவில்லை. தானியத்தைச் சேர்த்து வையுங்கள் என்றான். பிழைக்க வழி இல்லாத அர்த்தத்தை நான் ஏன் ஏற்க வேண்டும்?

மறுநாள் பஸ் மாறி மாறித் திருவள்ளூர் போய் எல்லாவற்றையும் மருத்துவரிடம் சொன்னேன். அவர் சிரிக்கவில்லை.

"கனவு மாத்திரையால வருது. அளவைக் குறைப்போம், நரம்புக்கு வைட்டமினும் கூட்டுவோம். நீங்க நிறுத்தின நாலு நாள்தான் எனக்குப் பயம்."

திரும்பி வந்ததும் நேராக எஸ்தர் அக்கா வீட்டுக்குப் போனேன்.

"அக்கா, நீங்க சொன்ன அர்த்தம் எனுக்கு வாணாம்."

அவர் கோபப்படவில்லை. கதவைச் சாத்திவிட்டு வந்தார். "எங்க ஊட்டுக்காரரு நெஞ்சுவலில போனாருன்னு தானே ஊருக்கே தெரியும்? இதே நோவு. பாதில மாத்திரய உட்டுட்டாரு. அன்னிக்கு எனுக்கு ஒரு கனவும் வரல. வந்திருந்தா அவர புடிச்சி வச்சிருப்பேன்."

"இப்ப என்னைப் புடிச்சி வைங்க."

அடுத்த நாளிலிருந்து தினமும் காலையில் முகக்கவசம் போட்டுக்கொண்டு சொம்பில் தண்ணீரோடு வந்துவிடுவார். நான் விழுங்கி, வாயைத் திறந்து காட்டும்வரை நகர மாட்டார்.

கெட்ட கனவுகள் குறைந்தன, நிற்கவில்லை. கண்டவற்றை நோட்டில் எழுதி மருத்துவரிடம் காட்டினேன். அக்கா சொன்ன மூன்று மாதம் முடிந்த நாளை நான் கவனிக்கவே இல்லை. இரண்டு நாள் கழித்து, காலண்டரில் கிழிக்காமல் விட்ட தேதித் தாள்களைக் கிழிக்கும்போதுதான் தெரிந்தது.

சிகிச்சை முடிந்துவிட்டது. சளியில் கிருமி இல்லை. எக்ஸ்ரேயில் வலது நுரையீரலின் மேல்பகுதியில் தழும்பு இருக்கிறது; அது போகாது என்றார்கள். முன்பு ரயில் நிலைய மேம்பாலத்தை ஓட்டமாக ஏறுவேன். இப்போது பாதிப் படியில் நிற்க வேண்டியிருக்கிறது. ரயில் வந்துவிட்டால் வரட்டும். கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு, மூச்சு தன் நேரத்துக்குத் திரும்பும்வரை காத்திருக்கிறேன். பிறகு மீதிப் படிகளை ஏறுகிறேன்.