கோச்சுக்கும் கால்குலஸுக்கும் நடுவில்

விளையாட்டு வீரர்களுக்குப் படிப்பு ஆலோசகராக இருப்பவரை கோச் 'வாத்தியார் கட்சி' என்பார், வாத்தியார் 'கோச் கட்சி' என்பார். இரண்டு மேலதிகாரிகளிடம் மாட்டிக்கொண்டு விழித்தவர்களுக்கு இதற்கு மேல் விளக்க வேண்டாம்.

தொண்ணூறுகளின் நடுவில், கிரீன் கார்டு வந்த கையோடு, டெக்சஸில் ஒரு தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தில் எனக்கு அந்த வேலை கிடைத்தது. கோயம்புத்தூரில் எம்.எஸ்சி. கணிதம் படித்தவள் நான். ஹெல்மெட் போட்டு மோதிக்கொள்ளும் அமெரிக்க ஃபுட்பால் பையன்களைக் கணக்கில் பாஸ் பண்ண வைக்க வேண்டும். அங்கே எந்தப் பட்டத்துக்கும் கால்குலஸ் கட்டாயம்.

சுற்றிப் பார்க்க வந்தவர்கள்

கோச் ஊர் ஊராகப் போய், ஸ்காலர்ஷிப் தருவதாகச் சொல்லி ஹைஸ்கூல் பையன்களைப் பிடித்து வருவார். அப்படி வந்தவன் டெரிக். கூடவே அவன் அம்மா. ஆஸ்பத்திரி சமையலறையில் வேலை பார்ப்பவர். ஸ்டேடியம், ஜிம், பெரிய சாப்பாடு எல்லாம் முடிந்து, கடைசியாக என் அறைக்குக் கூட்டி வந்தார்கள். பையனின் மார்க்கைப் பார்த்தேன். அல்ஜீப்ராவிலேயே தட்டுத் தடுமாறித்தான் தேறியிருந்தான்.

"இவனால இங்க படிக்க முடியுமா?" என்று அந்த அம்மா என்னைத்தான் கேட்டார். நான் வாயைத் திறப்பதற்குள் பின்னால் நின்ற கோச் பதில் சொல்லிவிட்டார். நானும் சிரித்துத் தலையாட்டினேன்.

"அதுக்குத்தானே இவங்கள வேலைக்கு வச்சிருக்கோம்."

பேராசிரியர் அறையில்

கால்குலஸ் முதல் பரீட்சையில் டெரிக் ஃபெயில். செமஸ்டர் முடிவில் கணக்கில் தேறாவிட்டால் அடுத்த சீசனில் மைதானத்தில் இறங்க முடியாது. இன்னொரு பரீட்சை வைக்கச் சொல்லிக் கேட்டு வா என்று கோச் என்னை அனுப்பினார்.

பேராசிரியர் கோபப்படவில்லை. உட்காரச் சொல்லி, டெரிக்கின் விடைத்தாளையும் ஒரு பேனாவையும் என் முன்னால் வைத்தார். "நீங்களே திருத்துங்க" என்றார். முதல் பக்கத்திலிருந்து கடைசிவரை பார்த்தேன். அவர் போட்டதற்கு மேல் ஒரு மார்க் கூட என்னால் போட முடியவில்லை. பேனாவை மூடி வைத்தேன்.

"நீங்களும் கணக்குதானே படிச்சீங்க, எப்படி இதக் கேக்க வந்தீங்க?"

பாட்லக்

ஒரு சனிக்கிழமை, தமிழ்க் குடும்பங்கள் ஆளுக்கொரு பதார்த்தம் சமைத்துக் கொண்டுவந்து கூடிய வீட்டில் டிவியில் எங்கள் டீமின் மேட்ச். கமலா ஆன்டியின் பையனுக்கு எங்கள் பல்கலைக்கழகத்தில் இடம் கிடைக்கவில்லை. "நல்லா படிக்கிற புள்ளைக்கு சீட் இல்ல, இந்தத் தடியனுக்கெல்லாம் இருக்கு" என்று திரையில் ஓடிக்கொண்டிருந்த டெரிக்கைக் காட்டினார்.

அந்தத் தடியன் ப்ராக்டிஸ் முடிந்து, அடிபட்ட முழங்காலில் ஐஸ் வைத்துக் கட்டிக்கொண்டு, தினம் என் மேஜையில் கணக்குப் போடுகிறான் என்று நான் சொல்லியிருக்கலாம். "அட்மிஷன் என் டிபார்ட்மென்ட் இல்ல ஆன்டி" என்றுதான் சொன்னேன். திரும்பி வரும்போது, காரில் என் மகள் இங்கிலீஷில் கேட்டாள்:

"டெரிக் உன் ஸ்டூடன்ட்தானேம்மா, ஏன் பேசாம இருந்தே?"

பிக்கப் வந்த நாள்

கடைசிப் பரீட்சையும் போயிற்று. ஆனால் கொஞ்சம் மார்க்கில்தான். "இன்னொரு செமஸ்டர் குடுங்க, பாஸ் பண்ணிடுவான்" என்று கோச்சிடம் நாலு தடவை கெஞ்சினேன். அந்த இடத்துக்கு அவர் வேறொரு பையனைப் பார்த்துவிட்டிருந்தார். ஸ்காலர்ஷிப்பைப் புதுப்பிக்கவில்லை.

டெரிக்கின் அம்மா பிக்கப் டிரக்கில் வந்தார். ஹாஸ்டல் வாசலில் அவன் போர்வையை மடித்துக்கொண்டே, குரலை உயர்த்தாமல் கேட்டார். நான் மறுமுனையைப் பிடித்து மடித்துக் கொடுத்தேன்.

"முதல் நாளே உங்களுக்குத் தெரிஞ்சிருந்துச்சு, இல்ல?"

ஒரு போன்

அடுத்த வருஷம் டெரிக்கே கூப்பிட்டான். தன் ஊர் கம்யூனிட்டி காலேஜில், அல்ஜீப்ராவிலிருந்து ஆரம்பித்துப் படிப்படியாக வந்து, கால்குலஸில் 'பி' வாங்கிவிட்டானாம். அங்கே வாத்தியார் அவ்வளவு நல்லவரா என்று கேட்டேன்.

"அப்படி இல்ல மிஸ், இங்க யாருக்கும் என்கிட்ட அவசரமா ஒண்ணும் தேவைப்படல."

இப்போது நான் சாஃப்ட்வேர் கம்பெனியில் இருக்கிறேன், இங்கே நான் தப்பாகத் தலையாட்டினால் புரோகிராம்தான் நின்றுபோகும், யாரும் பெட்டி கட்ட வேண்டியதில்லை.